பன்குளம், ஏழாம் மரம்

பாலைப்பழம் முடிந்த காடு.
ஏழாம் மரத்தில், என் நெஞ்சு உயரத்தில்,
பட்டை மழுங்கி எண்ணெய்ப் பிசுக்கு.
மூன்று மயிர்.
ஒன்றின் நுனி மட்டும் பழுப்பு.
இடுக்கியால் எடுத்து உறையில் இட்டேன்.
தேதி எழுதுகையில் வியர்வை சொட்டி
ஓகஸ்ட் கரைந்தது.

முதுகில் முசுறு ஏறியிருக்க வேண்டும்,
கை எட்டவில்லை.
சப்ரி ஜீப்புக்குப் போயிருந்தான்.
ஒருவரும் பார்க்கவில்லையென்று
அதே மரத்தில் சாய்ந்து
நன்றாகத் தேய்த்துக்கொண்டேன்.

கமரா பார்த்திருக்கிறது.

அன்றிரவு இரண்டு பதினான்குக்கு வந்த கரடி
தன் அடையாளத்தை விட்டுவிட்டு
நான் தேய்த்த இடத்தில் மூக்கை வைத்துப்
பதினொரு விநாடி நின்றது.
பிறகு தும்மியது.

என்ன குறித்துக்கொண்டதோ.
என் படிவத்தில் அதற்கு நிரல் இல்லை.
"அக்கா, இதை எந்தக் கரடியெண்டு பதியுறது?"
சப்ரிக்குச் சிரிப்பு.

நாளை மறுபடி ஏழாம் மரம்.
சோப்புப் போடாமல் குளித்தேன்.