கேட் போட்ட நேரம்

நீடாமங்கலத்தில் கேட் போட்டால்
என் கடைக்கு ஆள் வரும்.
ஜெராக்ஸ் எடுக்க அல்ல.
நிழலுக்கு, ஃபேனுக்கு,
அப்புறம் எதையாவது கேட்பதற்கு.
கேட் என்று பெயர் வைத்தவனுக்குத்
தமிழ் தெரிந்திருக்க வேண்டும்.

மிக்ஸி எது நல்லா இருக்கும் என்கிறார்
கூத்தாநல்லூர் ஜெகபர் நாச்சியா.
சத்தம் போடுறதை வாங்குங்க,
சத்தமில்லாதது தேங்காயைக் கெஞ்சிக்கிட்டு நிக்கும்.
குக்கர் கேஸ்கட் கம்பெனியதுதான்.
கொசு மட்டைக்கு வாரண்டி பார்க்காதீங்க,
நம்ம ஊர்ல கொசுவுக்குத்தான் வாரண்டி.

போனில் இடமில்லை என்று வருபவர்களுக்குக்
காலை வணக்கப் படங்களை அழித்துக் கொடுப்பேன்.
ரோஜாவும் சூரியனுமாக
நாலாயிரம் காலைகள்
ஒரு விரலில் போய்விடும்.
பாஸ்வேர்டை எங்கே எழுதி வைப்பது?
அரிசி டப்பா மூடியின் உட்புறம்.
திருடன் சோறு வடிக்க மாட்டான்.

யாரும் இல்லாதபோது சொற்களைப் புரட்டுவேன்.
வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு.
வாய்ப்பாட்டில் பதினெட்டு,
எங்கள் தலைப்பில் மட்டும்
மூணாறு மூணுதான்.
நாலாவது, மேசைமேல் ஆறுகிற டீ.

ஒரு தடவை சிபாரிசு சொதப்பியது.
கதிர் முற்றிய சம்பாமேல்
தை பிறந்ததும் மூன்று நாள் பெய்தது.
ஒளிமதி உத்திராபதி
மனு எழுத வந்தார். கை நடுங்கியது.
எழுத வேண்டாம், பேசுங்க,
அதுவே டைப் பண்ணிக்கும், நல்ல செயலி,
நானே வச்சிருக்கேன் என்றேன்.
பேசினார்.
கேட் திறந்துவிட்டது. மன்னார்குடி பஸ்
ஹாரனை அழுத்திப் பிடித்திருந்தது.
படித்துப் பார்க்காமல்
படி எடுத்துக் கொடுத்தேன்.
நாலு தாள், எட்டு ரூபாய்.

பத்து நாள் கழித்து அதே தாளோடு வந்தார்.
"மூன்று நாள் விடாத மலையால்
ஐந்து மா சம்பா சாய்ந்துவிட்டது."
வேளாண்மை ஆபீஸில் சிரித்தார்களாம்.
எந்த மலைங்க, எந்தப் பக்கம் இருக்கு என்று
ஒரு பையன் ஜன்னலைத் திறந்து காட்டினானாம்.

ஏறி நின்று பார்க்க
ஒரு மேடுகூட இல்லாத ஊர் இது.
இந்தக் கேட்டுக்கு மேல் பாலம் வந்தால்
அதுதான் எங்கள் முதல் மலை.

மன்னிச்சிருங்க என்றேன்.
செயலியைத் திட்டினேன், அதற்கு ழகரம் வராது என்றேன்.
அவருக்கும் வராது, அதைச் சொல்லவில்லை.
"எனக்கே நாக்கு பொரளாது தங்கச்சி,
நான் சொன்னபடிதான் அது போட்டிருக்கு.
அன்னிக்கி வரப்புல நின்னப்ப
மலைச்சுத்தான் போனேன், பின்ன என்ன?"

சிரிக்கலாமா என்று தெரியவில்லை.
அவர் முகத்தில் ஒன்றும் இல்லை.

விரலாலேயே அடித்தேன், எழுத்தெழுத்தாக.
மழை வருகிற இடத்தில் எல்லாம்
நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.
காசு வேண்டாம் என்றேன் என்று எழுத ஆசைதான்.
பத்து ரூபாய் நீட்டினார், வாங்கிக்கொண்டேன்.
சில்லறை இல்லை,
இரண்டு ரூபாய்க்கு ஒரு பிளாஸ்டிக் கவர் கொடுத்தேன்,
மனு நனையாமல் இருக்க.

படியில் இறங்கியவர் திரும்பினார்.
"டார்ச் ஒண்ணு வாங்கணும்,
எது நல்லா இருக்கும்?"

இனி யாருக்கும் எதுவும் சொல்வதில்லை என்று
பத்து நிமிஷம் முன்னால்தான் முடிவெடுத்திருந்தேன்.

சார்ஜ் போடுறது வேண்டாங்க.
பேட்டரிக் கட்டை போடுறது வாங்குங்க.
கரண்ட் போற ராத்திரிக்குத்தானே
நமக்கு அது வேணும்.

ம், என்றார்.
அதற்குள் கேட் மறுபடி போட்டுவிட்டார்கள்.
உள்ளே வந்து
ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தார்.