பேர் வெட்டிய கிண்ணம்

நானூறு கிண்ணம் சொல்லியிருந்தோம்,
ஈப்போவில், மொத்த விலைக்கு.
பேர் வெட்ட ஒன்றுக்கு முப்பது சென் கூட.
"நீளமான பேருங்க," என்று இழுத்தான் வெட்டுகிறவன்.
அப்பா விடவில்லை:
ஜெகதீசன் – கோகிலவாணி,
கீழே தேதி, நடுவில் குத்துவிளக்கு.
பார்க்க மீன்முள் மாதிரி இருந்தது.

ஊத்தான் மெலிந்தாங் மண்டப வாசலில்
தாம்பூலப் பைக்குள் வெற்றிலை, பாக்கு, ஒரு லட்டு,
அடியில் அந்தக் கிண்ணம்.
ஒருத்தி மூன்று பை கேட்டாள்,
வராத மருமகள்களுக்காம்.
கொடுத்தோம்.

ஐந்து வருடம் கழித்து
அதே ஈப்போவில், கோர்ட்டில்,
பதினோரு நிமிடத்தில் பேரை வெட்டினார்கள்.
அதற்கும் அதே சொல்தான்.
மீந்த கிண்ணங்களை அம்மா
பழைய சாமான் லோரிக்குப் போட்டாள், கிலோ கணக்கில்.
மற்றவற்றுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை.

அவை வேலையில் இருந்தன.
தேவானை அக்கா வீட்டில் ஊறுகாய்,
மூணாங்கட்டையில் கோழிக்குத் தண்ணீர்,
செம்பனை மில் குவார்ட்டர்ஸில் யாரோ ஒருவரின் சவர நுரை.

நான் நுழைகிற வீடுகளில்
ஒரு சின்னச் சத்தம் கேட்கும்:
மேஜைமேல் எவர்சில்வர் திரும்புகிற சத்தம்.
பேரைச் சுவர்ப் பக்கமாக்கிவிட்டு
உட்காரச் சொல்வார்கள்.
நானும் முறுக்கைப் பாராட்டுவேன்.

ருக்குமணி டீச்சர் மட்டும்
அவன் பேரை ஆணியால் சுரண்டியிருந்தார்.
முதல் எழுத்து போகவில்லை.
"பாரு," என்று நீட்டினார்,
பரிசு கொடுக்கிற முகத்தோடு.
அன்றைக்குத்தான் அழுதேன்,
வீட்டுக்கு வந்து, குழாயைத் திறந்துவிட்டு.

போன செவ்வாய்
அந்தக் குழாய்க்கு வாஷர் வாங்கப் போனேன்,
ஆசோவின் ஆணிக்கடைக்கு.
சில்லறைக் காசு அந்தக் கிண்ணத்தில்தான் கிடந்தது,
பேர் இரண்டும் என்னைப் பார்த்தபடி.
ஆசோவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.
எந்தக் கல்யாணத்தில் கிடைத்ததென்றும்
மறந்திருப்பார்.
"நாப்பது சென், நீயே எடுத்துக்கோ,"
மலாயில் சொல்லிவிட்டு
கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார்.

விரலை விட்டுக் கிளறினேன்.
இருபது, பத்து, ஒரு சட்டைப் பொத்தான், பத்து.
நல்ல கிண்ணம்.
அடி தட்டை, ஆடவே இல்லை.
அப்பா கனம் பார்த்துத்தான் வாங்கினார்.