‘எதற்காக’ என்னும் கட்டம்

என் பதிவேட்டில் ஐந்து கட்டங்கள்.
பெட்டி எண், பெயர், துறை, தேதி.
ஐந்தாவது: எதற்காக.
பதினாறு வருடமாய்
அதை ஒழுங்காய் நிரப்பியவர் ஒருவருமில்லை.

மீன்காரர் செம்யோன் ‘மீன்’ என்று எழுதுவார்.
குதிரைப்பாலில் கிருமி தேடும் துயாரா
அரைப்பக்கம் எழுதி ஓரத்தில் வழியவிடுவாள்.
வரலாற்றுத் துறை புரோக்கோபி
கோடு மட்டும் இழுத்துவிட்டுப் போவார்.
வெள்ளத்தில் ஊறிய பள்ளி வருகைப் பதிவேடுகள் அவருடையவை.
உறையவைக்காவிட்டால் பூசணம் தின்றுவிடும்.
உலர்த்தும் இயந்திரத்துக்குப் பணம்
நான்கு வருடமாய் வந்துகொண்டே இருக்கிறது.

இயற்பியல் கவ்ரீல் தந்தது காலிப்பெட்டி.
முத்திரை வைத்த காலிப்பெட்டி.
“உள்ளே எதுவும் இல்லை, அவ்குஸ்தா.
அது கெடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.”
பார்த்துக்கொண்டேன்.

ஜனவரி. யாகுத்ஸ்க். விடிகாலை நாலே கால்.
உறைபெட்டிகள் மூன்றும் ஒரே மூச்சில் நின்றன.
உள்ளே மைனஸ் முப்பத்தெட்டு,
முப்பத்தேழு,
ஏறிக்கொண்டிருந்தது.
வாசலில் மைனஸ் நாற்பத்தாறு.
இதில் யோசிக்க என்ன இருக்கிறது?
கதவை விரியத் திறந்து வைத்தேன்.
பதிவேட்டைப் புரட்டி எல்லோருக்கும் போன் போட்டேன்.

வந்தார்கள்.
மூச்சுப் புகைக்குள் முகமே இல்லை,
இமைமயிரில் வெள்ளை.
யார் எந்தத் துறை என்று யார் கண்டது?
கைக்கு வந்ததை யாரோ தூக்கினார்கள்,
யாருடையதையோ.

மொழியியல் பெண் க்யுன்னெய்க்கு
ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் ஒலிப்பதிவி.
அவசரத்தில் மனிதருக்கு
எந்த மொழி முதலில் வாயில் ஏறுகிறது என்று பார்க்கிறாளாம்.
பிறகு போட்டுக் காட்டினாள்:
ருஷ்ய மொழியில் திட்டுகிறேன்,
சாகாவில் எண்ணுகிறேன்.
அது நான்தான் என்று நம்பச் சற்று நேரமாயிற்று.

யெவ்தோக்கியாவுக்கு இங்கே பெட்டியே கிடையாது.
சமூகவியல்.
அடுக்குமாடிகளில் பால்கனியில் தொங்கும் இறைச்சி
எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குப் போகிறது என்று
குறித்துக்கொண்டு திரிபவள்.
போன மாதம் என் பைகளையும் எண்ணிவிட்டுப் போனாள்.
யாரோ சொல்லி வந்தவள், ஆறு பெட்டி சுமந்தாள்,
ஏழாவதற்குக் குனிகையில் கேட்டாள்:
“கூப்பிட்டும் வராதவர் யார்?”

துயாராவின் கையில் ஒரு வருகைப் பதிவேடு.
பனிக்கட்டிக்குள் நீல மை.
கைவிளக்கை அதன்மேல் சாய்த்தாள்.
ஒரு பெயர். எதிரே: வரவில்லை, காய்ச்சல்.
அடுத்த பெயர். காய்ச்சல்.
அடுத்ததும்.
“எந்த வருடம்?”
அவளுடைய குதிரைப்பாலை
நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்ற புரோக்கோபி
“அட்டை பிரிந்தால்தான் தெரியும்” என்றார்.
“மாதமாவது? குதிரைகள் குட்டி ஈனும் மாதமா?”
அவர் வாயைத் திறந்தார். மூடினார்.
நான்கு வருடத்தில்
அந்தப் பதிவேட்டைப் பற்றி அவரிடம் வந்த முதல் கேள்வி
குதிரையைப் பற்றியதாக இருந்தது.
“ஒன்றுமில்லாமலும் போகலாம்” என்றாள் துயாரா.
போகலாம்.
ஒன்றுமில்லாததைக்கூட
முத்திரை வைத்துப் பனியில் அடுக்கியிருந்தேன், கவனமாக.

ஏழு மணிக்கு நாய்கள் வந்தன.
நாய்க்குத் துறை பேதம் இல்லை என்பார்கள்.
பொய். நேராக மீனுக்குத்தான் போயின.
துடைப்பத்தோடு நான் ஓடுவதற்குள்
செம்யோனின் எட்டு வருட ஏரியில்
இரண்டு வருடம் காணாமல் போயிற்று.
அவர் பனியில் உட்கார்ந்துவிட்டார்.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
கவ்ரீல் தன் தேநீர்க்குடுவையை
அவர் பக்கத்தில் வைத்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனான்.

பதினோரு மணிக்கு மெக்கானிக் வந்தான்.
பகல் முழுக்க எண்ணி எண்ணி உள்ளே வைத்தோம்.
மாலையில் பதிவேட்டைத் திறந்தால்
புரோக்கோபியின் கோட்டுக்கு மேல்
வேறொரு கையெழுத்து: காய்ச்சல்?
கேள்விக்குறியின் வால் கட்டத்தைத் தாண்டியிருந்தது.
தாண்டக்கூடாது என்பது விதி.
விதியை எழுதி ஒட்டியவளே நான்தான்.
ரப்பரை எடுத்தேன்,
மறுபடி மேசைக்குள் போட்டேன்.

அடுத்த வருடத்துக்குப் புதுப் பதிவேடு கேட்டிருக்கிறேன்,
ஐந்தாம் கட்டம் கொஞ்சம் அகலமாக.

நாய்கள் இன்னும் தினமும் வந்து பார்க்கின்றன.