எழுபத்தியொரு பேரும் மெடில்டாவும்

குருநகர்ச் சங்கக் கந்தோர். பின்னேரம் இரண்டு மணி.
மண்ணெண்ணெய் மானியப் பட்டியல்
நாலு மணிக்குள் கச்சேரிக்குப் போகவேணும்,
பிடிஎஃப் ஆக.
கடதாசி இனி எடுக்கமாட்டினமாம்.

கீழே என்ரை கணினி.
பிடிஎஃப் செய்யத் தெரிந்த ஒரே கணினி மாடியில்.
நடுவிலே சுவரோடு ஒட்டி,
பல்லி முட்டையைச் சுற்றிக்கொண்டு
ஏறிப்போகிற நீல வயர்.

அச்சிடு என்று அமத்தினேன்.
மேலே போய்த் திரும்பி வந்ததைத் திறந்து
செயலாளர் கொன்ஸ்ரன்ரைன்
கண்ணாடியை இறக்கிவிட்டு வாசித்தார்:
"எம், ஈ, அரைப்புள்ளி, பெரிய என்,
ஜே, எச், டி, பி.
உவர் ஆர் தம்பி, எங்கடை ஆளோ?"

"அந்தோனி."

"எந்த அந்தோனி?"

பட்டியலில் ஒன்பது அந்தோனி.

என்ரை திரையிலே எல்லாரும் தமிழிலே நிற்கினம்.
பாமினி எழுத்துரு,
கொம்பும் சுழியும் குறையாமல்.
அதே ஆக்கள் மாடிப்படி ஏறி இறங்கினால்
அரைப்புள்ளியும் முற்றுப்புள்ளியுமாய்
கடலிலே விழுந்து எழும்பின கோலம்.

கணினியை நிப்பாட்டிப் போட்டேன்.
பாமினியை அழித்துவிட்டு
திரும்பவும் ஏற்றினேன்.
அவள் இங்கே இருக்கிறாள்தானே,
இருக்கிறவளை ஏன் ஏற்றினேன் என்று
எனக்கே விளங்கவில்லை.
ரூபவாகினிக் காலத்து மின்விசிறி
கிறீச், கிறீச்.
கொன்ஸ்ரன்ரைன் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை,
பார்க்காமல் இருப்பதை
எனக்குத் தெரியும்படி செய்தார்.

அப்போதுதான் கடைசி வரி கண்ணிலே பட்டது.
எழுபத்திரண்டாவது:
சூசைதாசன் மெடில்டா.
முழுத் தமிழ். ஒரு புள்ளி பிசகில்லை.

"உந்தப் பேர் எப்ப வந்தது?"

"முந்தாநாள். சூசையின்ரை படகு இப்ப அவவின்ரை பேரிலை.
கைத்தொலைபேசியிலை அனுப்பினவ,
நான் அப்பிடியே எடுத்து ஒட்டினனான்."

மற்ற எழுபத்தியொரு பேரும்
எந்தக் காலத்திலோ
எந்தத் தட்டச்சுப் பிள்ளையோ அடித்தது.
உள்ளுக்குள்ளே கிடப்பது ஆங்கில விசைகள்.
பாமினி மேலே போட்ட சட்டை.
மேல்மாடிக் கணினியிலே அந்தச் சட்டை இல்லை,
அது உரிஞ்ச உடம்பைக் காட்டியிருக்கிறது.
மெடில்டா யுனிகோட்டிலே வந்தவ.
அவவுக்குச் சட்டை மாறினாலும் உடம்பு தமிழ்.

அச்சுப்பொறியின் விருப்பத்தேர்வுகளுக்குள்ளே
நாலு கதவு தாண்டி, ஒரு சின்னச் சதுரம்:
கணினியின் எழுத்துருக்களையே நம்புக,
ஆவணத்தின் எழுத்துருக்களை அனுப்பாதே.
ஆரோ அதிலே ஒரு சரி போட்டு வைத்திருந்தார்கள்.
நம்பிக்கை!
மேலே இருக்கிறவருக்குத் தெரியும்,
கீழே இருந்து ஒன்றும் கொடுத்தனுப்பத் தேவையில்லை.

சரியை எடுத்தேன்.
அமத்தினேன்.

முப்பத்தெட்டு கிலோபைட் இருந்த கோப்பு
முந்நூற்றுப் பத்தாக வந்து இறங்கியது.
கட்டுச்சோறும் உடுப்புமாய்
ஒன்பது அந்தோனியும் வந்தார்கள்,
செபமாலை வந்தார், எமிலியானுஸ் வந்தார்,
பேதுருப்பிள்ளை இரண்டு கொம்போடு வந்தார்.
கொன்ஸ்ரன்ரைன் விரலை வைத்து
ஒவ்வொரு பேராய்த் தொட்டார்.
மூன்று நாற்பது. மின்னஞ்சல் போயிற்று.
"விசர் வேலை" என்று சிரித்து
எனக்கொரு நெக்ரோ சோடா எடுப்பித்தார்.

சோடா பாதி இருக்கையிலே
சும்மா ஒரு யோசனை.
அனுப்பின கோப்பைத் திறந்து
தேடும் பெட்டியிலே அடித்தேன்:
அந்தோனி.

கிடைக்கவில்லை.

கண்ணுக்கு முன்னாலே ஒன்பது பேர் நிற்கினம்.
செபமாலை. கிடைக்கவில்லை.
பேதுருப்பிள்ளை. இல்லை.
சட்டையைத்தானே ஏற்றி அனுப்பினேன்,
உள்ளே இன்னும் அந்த அரைப்புள்ளிகள்தான்.

மெடில்டா என்று அடித்தேன்.
உடனே மஞ்சள் பூசிக்கொண்டு
கடைசி வரியிலே எழும்பினா.

கச்சேரியிலே ஆரும்
தேடிப் பார்க்கிறவர்களா, வாசிக்கிறவர்களா?
செயலாளரிடம் சொல்லவில்லை.
சோடாவை முடித்து, போத்தலை வைத்துவிட்டு
புதுப் பக்கம் ஒன்று திறந்தேன்.
யுனிகோட். முதலாவது:
அ, ந், தோ