நரம்பு வற்றும்வரை

காலையிலேயே கோழி எழுந்து போய்விட்டது
எட்டுக் குஞ்சுகளோடு.
ஒன்பதாவது முட்டையில் மிளகளவு ஓட்டை.
ஓட்டைக்குள் மூக்கின் நுனி
திறந்து, மூடி, திறந்து.

ரெங்கத்தில் நான்கு நாளாய் மழை இல்லை.
செம்பனை ஆலையின் புளித்த வாடை
தாமான் முழுக்க ஈரத்துணிபோல் தொங்கியது.
பகலெல்லாம் எடைமேடையில் உட்கார்ந்து
லாரிகளுக்கு எண் எழுதிவிட்டு வந்தவள் நான்,
பதினெட்டு டன், முப்பத்திரண்டு டன்.
இருபது கிலோவுக்குக் கீழே
அந்த மேடை எதையும் காட்டாது.
உள்ளங்கையில் வைத்தேன்.
உள்ளிருந்து ஒரு தட்டல்.
அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை.

"உடைச்சு விட்டா என்னாம்மா?" என்றான் லோகேஸ்.
"சும்மா இரு."
சும்மா இருக்க முடியாதவள் நான்தான்.

வேலிக்கு அந்தப் பக்கம் சுமார்னி
நாசி லெமாக்குக்கு இலை துடைத்துக்கொண்டே
ஜாங்கான், காக், என்றாள்.
தானாய் வராதது தங்காதாம்.
சிங்கப்பூர் பாலத்தில் பஸ்ஸுக்கு நின்றபடி
வீட்டுக்காரர் போனில் சொன்னார்:
"அஞ்சு வெள்ளிக்கு ஒரு குஞ்சு. விட்டுட்டுப் படு."

படுத்தேன்.

குளுவாங் ஆஸ்பத்திரியில் முப்பது மணி நேரம்
இப்படித்தான் மல்லாந்து கிடந்தேன்.
சாபார், சாபார் என்று
தாதி என் நெற்றியைத் துடைத்தாள்.
பிறகு திடீரென்று எல்லாரும் ஓடினார்கள்,
ஏதோ இரும்பு பளபளத்தது.
லோகேஸின் இடது காதுக்கு மேல்
முடி முளைக்காத இடம் ஒன்று இன்னும் இருக்கிறது.
சாபார் எந்த நிமிடத்தில் முடிகிறது என்று
அன்றைக்கும் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பன்னிரண்டரைக்கு எழுந்து விளக்கைப் போட்டேன்.
ஓட்டைக்கு அடியில் இருந்த வெள்ளைச் சவ்வு
பழுத்து, காய்ந்து,
மயிரோடு மயிராய் ஒட்டிக்கொண்டிருந்தது.
புருவம் பிடுங்கும் இடுக்கி,
காது குடையும் பஞ்சு,
கிளாசில் வெதுவெதுத்த தண்ணீர்.
ஓட்டில் ஒரு சில்லு எடுத்தேன், ஒன்றும் ஆகவில்லை.
இரண்டாவது சில்லு.
மூன்றாவதில் ஒரு சிவப்பு நூல் அறுந்தது.

ஒரே சொட்டு.
என் கட்டைவிரல் ரேகைக்குள் ஓடிப் பரவியது.
ஐயோ என்று கத்தக்கூட இல்லை,
பையன் எழுந்துவிடுவான் என்று.
சோளமாவை ஒரு சிட்டிகை வைத்து அழுத்தினேன்.
அழுத்திய விரலுக்கு அடியில்
துடிப்பது அதுவா நானா தெரியவில்லை.

அதன் நரம்பு இன்னும் ஓட்டில்தான் இருந்தது.
வற்றவில்லை.
மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்து முடிக்கவில்லை.
வாசலில் செருப்பு போட்டுக்கொண்டிருந்தவளை
கையைப் பிடித்து இழுத்திருக்கிறேன்.

ஈரத்துணி சுற்றி, ரைஸ் குக்கர் மூடிமேல் வைத்து,
பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.
ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு
இவ்வளவு வேலை இருக்கிறது.
துணியை நனை. பிழி. சூடு பார்.
இடுக்கியைத் தொடாதே.
ஆலையில் மூன்று மணிச் சங்கு ஊதியது.
இடுக்கியை எடுத்துப்போய்
பிரிட்ஜுக்கு மேல் வைத்துவிட்டு வந்தேன்.

நான்கரைக்குப் பார்த்தால்
சிவப்பு எங்கும் இல்லை.
சவ்வு வெறும் காகிதம்.
ஈரப் பஞ்சால் தடவத் தடவ அதுவே விலகியது.
தலை நிமிர்ந்தது,
கழுத்து நீண்டது,
முக்கால்வாசி அது, கால்வாசி நான்,
அல்லது கணக்கு வேறு மாதிரியும் இருக்கலாம்,
சளியும் நனைந்த நாருமாய்
ஒரு அசிங்கமான பொருள்
என் கையில் வந்து விழுந்து, கத்தியது.

வலது கால் பக்கவாட்டில் கோணிக்கொண்டு போனது.
பிளாஸ்டர் கிழித்து
இரண்டு காலையும் சேர்த்து ஒட்டினேன்.
நடக்குமா தெரியாது.
இருட்டோடு இருட்டாய்க் கோழியின் இறக்கைக்குள் செருகினேன்.
கோழி ஒருமுறை முனகியது.
தள்ளவில்லை. இதுவரை தள்ளவில்லை.

ஆறரைக்கு வேலைக்குக் கிளம்பும்போது
சுமார்னி பொட்டலம் நீட்டினாள்.
"வந்திருச்சு" என்றேன்.
"செண்டிரி?" என்றாள். தானாகவா?

தலையை ஆட்டினேன்,
நம் ஆட்கள் ஆட்டுவோமே, அப்படி,
ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம்,
இல்லை என்றும்.

முதல் லாரி மேடையேறி நின்றது.
இருபத்தேழு டன்.
எழுதப் பிடித்த பேனாவுக்குப் பக்கத்தில்
கட்டைவிரல் ரேகையில்
பழுப்பாய்க் காய்ந்திருந்தது கொஞ்சம்.