போர்வை, வாளி, ஆள்

காலை ஆறு பத்துக்கு நைரீ குழுவில் எழுதியிருந்தாள்:
பதினாறு திமிங்கிலங்கள். மணலில். உயிரோடு.
போர்வை, வாளி, ஆள்

கடைசிச் சொல்லுக்கு முற்றுப்புள்ளி வைக்கவும் அவளுக்கு நேரமில்லை.
அடுப்பில் ரொட்டி இருப்பதை மறந்து கிளம்பினேன்.

கோல்டன் பே முழுக்கச் சிதறிக் கிடப்பவர்கள் நாங்கள்.
ஒரு வீட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே
நூறு மாடுகள், ஒரு ஓடை.
பார்த்துக்கொள்வதெல்லாம் திரையில்:
விறகு விற்பனைக்கு, பூனையைக் காணவில்லை,
யார் வீட்டுச் சேவல் நாலு மணிக்குக் கூவுகிறது?

அந்தக் கடைசிச் சண்டையைத் தொடங்கியது நான்தான்.
அவன் முகப்படத்தில் முகம் இல்லை,
சிவப்பு டிராக்டர்.
ஏழு மாதம் ஒரு டிராக்டரோடு மல்லுக்கட்டி
ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை பிளாக் செய்தேன்.

கடற்கரையில் யாரும் அவரவர் படம்போல் இல்லை.
பூனைக்குட்டி ஆறடி நாலு அங்குலம்.
சூரிய அஸ்தமனத்துக்கு முன்பல் இரண்டு இல்லை,
சிரித்தபடியே எனக்கு வாளி கொடுத்தாள்.

வாலை இழுக்காதீர்கள், முறியும், என்று கத்தினார் ராவிரி.
ஊர் கூடியும் இழுக்கக் கூடாத தேர்.
மூச்சுத்துளையில் தண்ணீர் படக் கூடாது.
மற்றபடி ஊற்று, ஊற்று, ஊற்றிக்கொண்டே இரு.

கரிய முதுகுக்கு இந்தப் பக்கம் நான்,
அந்தப் பக்கம் ஒருவன்.
நான் ஊற்றியது அவன் பக்கம் வழிந்தது,
அவன் ஊற்றியது என் பூட்ஸுக்குள்.
அவன் போர்வையில் சின்னச் சின்ன நீலப் பூக்கள்.
தோல் உரித்த அவித்த முட்டையின் வழவழப்பு
எங்கள் உள்ளங்கைகளின் கீழ்.
அது மூச்சுவிட்ட போதெல்லாம்
இருவர் முகத்திலும் ஒரே மீன் நாற்றம்.

மூன்றாவது மணி நேரத்தில்
முதுகுக்கு மேலாகப் பாதி சாண்ட்விச் வந்தது.
"முட்டை," என்றான். "வீட்டுக் கோழியோடது."
விழுங்கிய பிறகுதான் உறைத்தது:
டிராக்டர்.

என் சட்டையில் படிந்த மாவைப் பார்த்து
அவனுக்கும் உறைத்திருக்கும்.
இரண்டு பேரும் வாளி நிரப்பப் போனோம்.

நீர் ஏறியது. முழங்கால். இடுப்பு.
எங்களுடையது ஒருக்களித்தது, நிமிர்ந்தது,
திடீரென்று அதற்கு எடையே இல்லை.
எங்கள் கைகள் மட்டும் அணைத்த வளைவில்
வெறும் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு நின்றன.

பதினொன்று போயின.
மற்ற ஐந்தைப் பற்றி
அன்று யாரும் பேசவில்லை.

வீடு வந்து பார்த்தால் நீலப் பூக்கள் என் வாளியில்.
மூன்று முறை துவைத்தேன். மீன் போகவில்லை.
என் கைபேசி உப்பு குடித்துச் செத்திருந்தது,
பிளாக்கை நீக்கவும் வழியில்லை.
டெஸ்மண்ட் என்று ஞாபகம். முகவரி தெரியாது.

இருட்டிலேயே எழுந்து
மடித்த போர்வையோடு வாசலில் நின்றேன்.
நாலு மணி ஆகியும் சத்தமில்லை.
வாழ்க்கையில் முதல்முறையாக
எனக்குக் கவலையாக இருந்தது.

நாலு ஏழுக்குக் கூவியது.
அந்தத் திசையில் நடந்தேன்.