குறைத்து எழுதியது

முதலில் முனைவர் பட்டத்தை எடுத்தேன்.
ஒரு வரிதான்.
கீழிருந்த வரிகள் மேலே ஏறி
அந்த இடத்தை மூடிக்கொண்டன.
உப்புநீரில் மீன்தசை எப்படி உறைகிறது என்று
ஐந்து ஆண்டு பார்த்திருந்தேன்.
யாருக்கும் வலிக்கவில்லை.

வேலைவாய்ப்பு அலுவலகத்துப் பெயாத்தா சொன்னாள்:
"திருமதி க்ருஷ்கா, நீங்கள் கொஞ்சம் அதிகம்."
பீட்ரூட் சூப்பில் உப்பைச் சொல்கிற குரலில்.

வீட்டுக்கு வந்து
இருநூற்று நாற்பது பேரை 'ஒரு குழு' ஆக்கினேன்.
இரவுப்பணி முடிந்து ஈர பூட்ஸோடு நிற்கும் ஷ்டெஃபானியா,
கிரேன் ஓட்டும் இரட்டையர்,
வெள்ளிதோறும் முன்பணம் கேட்கும் லெஷெக்,
எல்லாரும் அந்தச் சொல்லுக்குள்
நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள்.
'இயக்குநர்' 'பொறுப்பாளர்' ஆனது.
ரோட்டர்டாமில் இருந்த ஆறு வருடத்தை
முழுசாக வெட்டினேன்.

அதற்கு முன்பு வந்த கடிதங்கள்:
'உங்களுக்குச் சலித்துப்போகும்.'
(என் சலிப்பின் மேல் எத்தனை அக்கறை.)
'ஆறே மாதத்தில் வேறு இடம் போய்விடுவீர்கள்.'
பதினான்கு மாதமாக நான் எங்கும் போகவில்லை.
ட்ராலி பஸ் மாதச் சீட்டைக்கூட நிறுத்திவிட்டேன்,
கிதீனியாவின் மேடெல்லாம் இப்போது
என் முழங்காலுக்குத் தெரியும்.

மீன் குளிர்கிடங்கு. இரவு ஷிப்ட் மேலாளர் வேலை.
ஷிமோனுக்கு முப்பது இருக்கலாம், புது ஷூ.
நான் வெட்டிய இடத்தில் சரியாக விரலை வைத்தான்:
"இந்த ஆறு வருடம் எங்கே இருந்தீர்கள்?"
சிறையா என்று கேட்க வாய் வராமல்
தண்ணீர் வேண்டுமா என்றான்.

அம்மாவைப் பார்த்துக்கொண்டேன், என்றேன்.
அதற்குப் பத்து வருடம் முன்பே போய்ச் சேர்ந்தவள்.
கோபித்திருக்கமாட்டாள்.
பெரிதாகப் பேசாதே, தலையைத் தாழ்த்து என்று
சொல்லிச் சொல்லியே வளர்த்தவள்.

பொய் நன்றாக நின்றது.
கிடங்கைச் சுற்றிக் காட்டவே அழைத்துப்போனான்.

முற்றத்தைப் பார்த்த நான்காம் கதவு.
மேல்மூலையில், வெளிப்பக்கமாக,
உறைபனி தாடிபோல் இறங்கியிருந்தது.
வாயை மூடு யாத்விகா.
மூடினேன்.
மூன்று அடி நடந்தேன்.

"ரப்பர் சீல் கிழிந்திருக்கிறது," என்றது வாய்,
"ஒரு மாதம் இருக்கும். கம்ப்ரஸர்
ராத்திரி நிற்காமல் ஓடுகிறதா?
மின்கட்டணத்தைப் பாருங்கள். சீல் மாற்றும்வரை
அந்தக் கதவில் லாரி விடாதீர்கள், மூன்றில் விடுங்கள்,
வரிசையை இப்படித் திருப்பினால்..."

கையால் காற்றில் வரைந்துகொண்டிருந்தேன்.
ஷிமோன் நின்றுவிட்டான்.
முதல் பக்கத்திலிருந்து மறுபடி படிப்பதுபோல்
என்னைப் பார்த்தான்.
வெட்டிய வரிகள் ஒவ்வொன்றாய்
என் கோட்டுப் பையிலிருந்து
ஈரத் தரையில் விழுந்துகொண்டிருந்தன.

புதன்கிழமை கடிதம் வந்தது.
'உங்கள் அனுபவத்துக்கு நாங்கள் பொருத்தமானவர்கள் அல்ல.'
இதுவரை வந்தவற்றில் பணிவானது இதுதான்.

நேற்று ஹெர்ரிங் வாங்கத் துறைமுகப் பக்கம் போனேன்.
நேர்வழி அல்ல. சுற்றுவழி.
நான்காம் கதவுக்குப் புது சீல்,
கறுப்பாக, மடிப்பில்லாமல்.
லாரிகள் மூன்றில் நின்றன.
கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன்,
கண்ணில் நீர் வரும்வரை.
பால்டிக் காற்றுக்கு எல்லார் கண்ணிலும் வரும்.

மீனை உப்பில் போட்டுவிட்டுக் கோப்பைத் திறந்தேன்.
'ஒரு குழு' என்பதை அழித்தேன்.
காசோலையில் எழுதுவதுபோல
எண்ணால் ஒருமுறை: 240.
எழுத்தால் ஒருமுறை:
இருநூற்று நாற்பது பேர் மட்டும்.